ஜஹ்ரா தாண்டிப் போன வெள்ளிக்கிழமைகள்

மேடையில் மைக்கைப் பிடித்துப் பேசியவனே,

ரிசப்ஷன் முடிந்து, பந்தல் பிரித்து, மிஞ்சிய லட்டையெல்லாம் தெரு முழுக்கக் கொடுத்தும் ஆகிவிட்டது. நீயும் உன் பெண்டாட்டியும் சவூதிக்கு, தம்மாமுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் கல்யாணம் நல்லபடியாக முடிந்த சந்தோஷம். எனக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. நேரில் சொன்னால், "அம்மா, அது ஜோக்கும்மா" என்று தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். நானும் சிரித்துத் தொலைத்துவிடுவேன். விஷயம் அத்தோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போனை நோண்டிக்கொண்டே படிக்காதே.

நீ என்ன பேசினாய் என்று உனக்கே நினைவிருக்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "நான் குவைத்துல வளந்தேன். வளந்தேன்னா, ஃபர்வானியாவுல ஒரு ஃப்ளாட்டுக்குள்ள வளந்தேன். ஏசிதான் எனக்குக் காத்து, டிவிதான் எனக்கு வெளி உலகம். மண்ணு, புல்லு, ஆடு மாடெல்லாம் லீவுக்கு ஊருக்கு வந்தாத்தான் பாப்பேன்." மண்டபமே கைதட்டியது. உன் மாமனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண், உன் பெண்டாட்டி, தாயில்லாப் பிள்ளையைப் பார்ப்பதுபோல உன்னைப் பார்த்தாள். பெற்றவள் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்! உங்கப்பா என் கையை அழுத்தி, "விடு, கல்யாணத்தன்னிக்கு ஏன்" என்றார். அவர் எப்போதும் விட்டுவிடுவார். அவருக்கென்ன.

அதையாவது பொறுத்திருப்பேன். மறுநாள் சாப்பிடும்போது இன்னொன்று சொன்னாயே! "தம்மாம்ல எங்க காம்பவுண்டுக்குள்ளயே எல்லாம் இருக்கும்மா. நாளைக்குக் குழந்தைங்க பொறந்தாக்கூட விளையாடறதுக்கு ஏசி ஹால் இருக்கு. வெளிய போகத் தேவையே இல்ல." இதை ஏதோ பெரிய வசதி மாதிரி சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டாய். எனக்கு ரசக்கரண்டியாலேயே ஒன்று போட்டால் என்ன என்றிருந்தது.

யாரடா உன்னை வெளியே கூட்டிப்போகவில்லை?

குவைத்தில் உங்கப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அந்த வெள்ளிக்கிழமையில் அவர் மத்தியானம் வரை தூங்கலாம். நான் காலை நீட்டலாம். ஆனால் அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியாதா? வருஷத்தில் பாதி, கதவைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருக்கும். பிறகு குளிர் வரும். அதுவும் எலும்பைக் கடிக்கிற குளிர். அந்தக் குளிர் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கிடைக்கிற சில வாரங்கள்தான் மனுஷன் வெளியில் உட்கார லாயக்கான காலம். பிப்ரவரி, மார்ச், அவ்வளவுதான். ஜனவரியில் நாலு மழை விழுந்திருந்தால் பாலைவனத்தில் பச்சை வரும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புடவையைக் காயப்போட்ட மாதிரி தெரியும். கிட்டப் போனால் விரல் உயரப் புல், நடுவில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் பூ. கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்து போகிற பச்சை. அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

நீ என்ன செய்தாய்? அப்போது உனக்கு ஆறு வயது, உன் தங்கை அனுவுக்கு நாலு. காலையில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கால்கூட வெளியே வராது. "மாலுக்குப் போலாம்மா. டெசர்ட்ல நத்திங் இஸ் தேர்." நான் விடியுமுன் எழுந்து புளிசாதம் கிளறி, தயிர்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வறுத்து, பாய், தண்ணீர் கேன், மாற்றுத்துணி என்று ஒரு குடித்தனத்தையே காரில் ஏற்றுவேன். காலையில் குளிருகிறதே என்று ஸ்வெட்டர் போட்டால் "குத்துது" என்பாய். கழற்றினால் தும்முவாய். வெயில் ஏறியதும் அதே ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று வியர்த்து வழிந்துகொண்டு நிற்பாய். வழியில் ஜஹ்ரா ஊரைத் தாண்டுவதற்குள் ஒருத்தருக்கு ஒன்றுக்கு வரும். அவரை இறக்கி ஏற்றினால், "எனக்கும்" என்று அடுத்தவர். அந்த ரோட்டில் உங்கப்பா காரை ஓரங்கட்டாத இடமே கிடையாது.

அந்த முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன், கேள். பாயை விரித்தோம். அனு செருப்புக்குள் மண் போய்விட்டது என்று அழுதாள். நீ பாயின் நடுவில் சம்மணம் போட்டுக்கொண்டு, "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்றாய். டப்பாவின் மூடியைக்கூட நான் திறக்கவில்லை. அதற்குள் காற்று வந்து தயிர்சாதத்தில் மண்ணை அள்ளிப் போட்டது. உங்கப்பா அதை நறநறவென்று சாப்பிட்டுக்கொண்டே, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அந்தக் கடுப்பில் நான் திரும்பிப் பார்த்தால், பாயில் உன்னைக் காணோம். நாற்பது ஐம்பது அடி தள்ளி, மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஏதோ துருப்பிடித்த தகரத்தை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் பாலைவனத்தில் ஈராக் சண்டைக் காலத்துக் குண்டு இன்னும் கிடக்கிறது, இரும்பு எதையும் தொடாதீர்கள் என்று ஊரே சொல்லும். கிளம்புமுன் உனக்கு நான் தலைப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். உங்கப்பா தட்டை எறிந்துவிட்டு ஓடினார். என்னால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை. தொண்டை மட்டும்தான் வேலை செய்தது.

"டேய் எருமை! கீழ போடுடா அதை! சொன்ன பேச்சைக் கேக்காத கழுதை, இன்னிக்கு உன் தோலை உரிச்சுத் தொங்கவிடல, நான் ஒரு அப்பனுக்குப் பொறந்தவ இல்ல! போடுடாங்கறேன்!"

நீ போட்டாய். உங்கப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஏதோ பழைய பால்பவுடர் டின் என்று பிறகு தெரிந்தது. உன்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு, மறுபடி இன்னொன்று வைத்துவிட்டு, நான் இன்னும் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். தலையில் துண்டு, முழங்கால் வரை மண் ஏறிய நீள அங்கி, கையில் கோல். அரபிக்காரர் இடத்தில் பாயைப் போட்டுவிட்டோமோ என்று உங்கப்பா பயந்துபோய் சலாம் வைத்தார். வந்தவர் கொஞ்ச தூரத்திலேயே நின்று மூச்சு வாங்கினார். உங்கப்பாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"அக்கா... நீங்க தமிழா?"

"ஆமா. நீங்க யாரு?"

"அந்தாண்ட ஆடு மேய்க்கிறேங்க்கா. கருப்பையா. சிவகங்கைப் பக்கம். யாரோ நம்ம ஊருப் பொம்பள திட்டுற மாதிரி கேட்டுச்சு. எனக்குத்தேன் கிறுக்குப் புடிச்சுப் போச்சோன்னு நெனச்சேன். அப்பறம் 'கழுதை'ன்னு தெளிவாக் கேட்டுச்சு. ஓடியாந்துட்டேன்."

சொல்லிவிட்டு அந்த மனுஷன் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அது சிரிப்பு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. உங்கப்பா, "உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார். மண் விழாத புளிசாதத்தை நான் தட்டில் வைத்தேன். டிரைவர் வேலை என்று சொல்லி அனுப்பினார்களாம். ஏர்போர்ட்டிலிருந்து கஃபீல், விசா கொடுத்த அரபி முதலாளி, நேராக இங்கே கொண்டுவந்து ஆட்டுப்பட்டியில் விட்டாராம். அவர் நல்லவர்தான், அடிக்கிறதில்லை, ரொட்டியும் தண்ணீரும் ஒழுங்காக வரும், ஆனால் பேச ஆள் கிடையாது என்றார். "ஆட்டுக்கிட்டத்தேன் தமிழ்ல பேசுவேன். அது பதில் சொல்லாதுல்ல." நாங்கள் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த வெள்ளியும் வருவீகளாக்கா?"

வருவோம் என்றேன். நீ காரில் ஏறியதும் கேட்டதைச் சொல்லவா? "நெக்ஸ்ட் வீக்காவது மாலுக்குப் போலாமா?"

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பட்டியில் குட்டிகளைப் பார்த்தாய். அந்தப் பருவத்தில்தான் ஆடு ஈனும். கால் நிற்காமல் தள்ளாடுகிற குட்டிகள், மஞ்சள் பூவைத் தின்னலாமா கூடாதா என்று முகர்ந்து பார்க்கிற குட்டிகள். ஒன்றைத் தூக்கி உன் கையில் கொடுத்தார். அது உன் ஸ்வெட்டர் மேலேயே போய் வைத்தது. அந்த ஸ்வெட்டரைத்தான் பிறகு கழற்றவே மாட்டேன் என்று ஆடினாய். வீட்டுக்கு வந்து நான் அதை மூன்று தரம் துவைத்தேன். அனு ஒவ்வொரு குட்டிக்கும் தன் கே.ஜி. வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வைத்தாள். அதன்பின் வெள்ளிக்கிழமை காலையில் என்னை எழுப்பியது நீ. உன்னைப் பாலைவனத்திலிருந்து காரில் ஏற்றுவதற்குத்தான் நான் கத்த வேண்டியிருந்தது. போகமாட்டேன் என்று கதறுகிறவனை எப்படியோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்புறம் வரமாட்டேன் என்று கதறுகிறவனை இழுத்துவந்தேன். இரண்டுக்கும் ஒரே ஆள், நான். இப்போது மைக்கில் கிடைக்கிற பெயர், ஃப்ளாட்டுக்குள் பூட்டி வளர்த்தவள்!

இப்போது சொல்லப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். இதை நீ மறந்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மார்ச் ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மெல்லிய மழை பெய்து விட்டிருந்தது. மண் வாசனைக்கு உங்கப்பாவே காரைவிட்டு இறங்கி நடந்தார். கருப்பையா மாமாவின் டென்ட்டில் கரண்ட் கிடையாது, போனும் கிடையாது. கஃபீல் டவுனுக்குக் கூட்டிப்போகும்போதுதான் வீட்டுக்குப் பேசுவாராம். அதுவும் மாதக்கணக்கில் நடக்காதாம். உங்கப்பா தன் மொபைலை எடுத்து, "இந்தாங்க, பேசுங்க" என்றார். சிக்னலுக்காக எல்லாரும் மேட்டின் மேல் ஏறினோம். அவர் ஊரில் பக்கத்து வீட்டில்தான் போன். நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். அவர்கள் போய் அழைத்துவரட்டும் என்று வைத்துவிட்டுக் காத்திருந்து, மறுபடி போட்டோம். பெண்டாட்டியிடம் பேசினார். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பேசினார். பிறகு, "செல்வி இருக்கா? குடு" என்றார்.

செல்வி அவருடைய மகள். அவர் விமானம் ஏறும்போது வயிற்றில் இருந்தவள். அதற்குள் அவளுக்குப் பேசுகிற வயசாகிவிட்டது. அவளை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"செல்வி... அப்பா பேசுறேன்த்தா. ஆத்தா, அப்பா." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "பேசுத்தா. சாப்ட்டியா?" பெண்டாட்டி பின்னாலிருந்து, "அப்பாத்தான்டி, பேசுடி" என்று அதட்டுவது எங்களுக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, "வெக்கப்படுது" என்றார். சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. உங்கப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ அவர் காலடியில் நின்று அங்கியை இழுத்தாய். "மாமா, நான் பேசறேன்."

நான் வழக்கம்போல, "பெரியவங்க பேசுறப்ப நடுவுல வராதடா" என்று உன்னை அதட்டினேன். அவர், "விடுங்கக்கா, தம்பி பேசட்டும்" என்று போனை உன் காதில் வைத்தார்.

"ஹலோ. நான் குவைத்ல இருந்து பேசறேன். உங்கப்பாகிட்ட நெறைய ஆடு இருக்கு, தெரியுமா? குட்டி போட்டிருக்கு. ஒரு குட்டி என் ஸ்வெட்டர்ல ஒன்னுக்குப் போயிடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. முதல் சத்தம். கருப்பையா மாமா மண்ணில் மண்டிபோட்டு உன் காதோடு தன் காதை ஒட்டிக்கொண்டார். பிறகு நீங்கள் இரண்டு பேரும் பேசினீர்கள். அவள் வீட்டில் ஒரு கோழி இருக்கிறதாம். நீ என்ன கலர் என்றாய். அவள் சொன்னாள். உங்கள் ஊரில் ஒட்டகம் இருக்கிறதா என்று நீ கேட்டாய். அவளுக்கு ஒட்டகம் தெரியவில்லை. இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் நடுவில் நாலு இங்கிலீஷ் போடுகிறவன், அன்றைக்கு எப்படியோ முழுத் தமிழில் பேசினாய்.

அப்புறம் அவள் ஏதோ கேட்டாள். நீ போனைப் பிடித்தபடி திரும்பி, அவர் முகத்தை உற்றுப் பார்த்தாய். மெனக்கெட்டு, பரீட்சைக்குப் படம் வரைகிறவன் மாதிரி பார்த்தாய். பார்த்துப் பார்த்துச் சொன்னாய்.

"உங்கப்பாவா? கறுப்பா இருக்காரு. ஒசரமா இருக்காரு. தலையில துண்டு கட்டியிருக்காரு. மீசை இருக்கு, கொஞ்சம் வெள்ளையா. பல்லு ஒன்னு ஒடஞ்சிருக்கு. ரொம்ப நல்லவரு. இப்பச் சிரிக்கிறாரு." கொஞ்சம் நிறுத்தினாய். "இல்ல, இப்ப அழுவுறாரு."

அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குழந்தை, சத்தமாக, எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டது: "அப்பா! ஏம்ப்பா அழுவுற?"

அவர் போனை வாங்கிக்கொண்டு மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிப் போனார். சார்ஜ் தீரும்வரை பேசட்டும் என்று உங்கப்பா கையைக் காட்டி எங்களைக் கீழே கூட்டிவந்தார். நீ என்னிடம் வந்து, "அம்மா, பசிக்குது, உருளைக்கிழங்கு இருக்கா?" என்றாய். இருந்தது. மண் இல்லாமல் இருந்தது. நீயும் அனுவும் ஈரமணலில் உட்கார்ந்து, நான் ஊட்ட ஊட்டச் சாப்பிட்டீர்கள். எனக்கு அன்றைக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை. அதுவே ஒரு அதிசயம்தான், உங்கப்பாவைக் கேட்டுப் பார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் போன் நடந்தது. இரண்டாவது வாரத்திலேயே அவளுக்கு நீ தேவைப்படவில்லை. "அப்பாகிட்டக் குடு" என்று உன்னிடமே சொல்லிவிட்டாள். உனக்கு அதில் ஒரு கோபம்கூட வந்தது. ஏப்ரல் வந்தது. பச்சை பழுப்பாகி, பழுப்பும் பறந்து போயிற்று. பாயில் உட்கார்ந்தால் அடியில் கொதித்தது. இந்த வாரத்தோடு போதும், இனி குளிர் வந்ததும் வருவோம் என்று உங்கப்பா அவரிடம் சொன்ன நாளில், காற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஓடிக் களைத்துக் காரின் பின்சீட்டில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து தூங்கிவிட்டீர்கள். நான் உன்னை உலுக்கினேன். "எந்திரிடா, மாமாவுக்கு டாட்டா சொல்லு. அறிவில்ல?"

"விடுங்கக்கா, தூங்கட்டும்" என்றார் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று, உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அவர் அங்கி படபடவென்று அடித்தது. கண்ணில் மண் விழுந்தும் அவர் நகரவில்லை. உங்கப்பா என்ஜினைப் போட்டுவிட்டு, கியரைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரே கோலால் காரின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டி, ஆட்டை ஓட்டுகிற மாதிரி எங்களை ஓட்டிவிட்டார்.

அந்தக் கோடையிலேயே அவருக்கு கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டு போனிலிருந்து உங்கப்பாவுக்குப் பேசினார். பின்னால் செல்வியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த பிப்ரவரியில் நாம் அங்கே போனபோது பட்டி இல்லை. புல் மட்டும் இருந்தது. நீயும் அனுவும் இறங்கியதும் ஓடினீர்கள். அந்த வருஷமும் போனோம், அதற்கடுத்த வருஷமும் போனோம். உனக்கு ஹோம்வொர்க், டியூஷன், கம்ப்யூட்டர் கேம் என்று ஆகி, நீயே வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட வருஷம் வரை போனோம். ஃப்ளாட்டுக்குள் உன்னைப் பூட்டியது நீதானடா!

சரி, மறந்துவிட்டாய். ஆறு வயசுக்காரன் மறப்பான். அது உன் குற்றமில்லை என்று உங்கப்பா சொல்கிறார். இருக்கட்டும். உன் பிள்ளைகளும் மறக்கும். நீ தூக்கிச் சுமந்ததையெல்லாம் மறந்துவிட்டு, உனக்கு நரை விழும் காலத்தில் யாராவது கையில் மைக்கைக் கொடுத்தால், "எங்கப்பா எங்களை எங்கேயும் கூட்டிப்போகல" என்று சொல்லும். சொல்லட்டும், நான் எங்கிருந்தாலும் கேட்டுச் சிரிப்பேன். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதே. நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காதே, அந்த ஊரில் நல்ல நாள் சொல்லிக்கொண்டு வராது. குளிருகிறது என்பார்கள், வேர்க்கிறது என்பார்கள், ஒன்றுக்கு வருகிறது என்பார்கள். திட்டிக்கொண்டே கூட்டிப்போ. தயிர்சாதத்தை மட்டும் மூடியை இறுக்கி எடுத்துப்போ. பிள்ளைகள் பிறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகு. அவள் பாவம், உன் பேச்சை நம்பிவிட்டாள்.

நீங்கள் போய் இறங்கும்போது அங்கே குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும். மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டேன், பெய்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்வேன். பின்னால் காற்றுச் சத்தம் கேட்க வேண்டும். ஏசிச் சத்தம் கேட்டால் வைத்துவிடுவேன்.

உன் அம்மா